மௌனத்துக்கும் ஒரு முடிவு நேரம் வேண்டும்: கைப்பேசியின் ஒலி பற்றிய வாசகர் கேள்விகள்

கைப்பேசியின் ஒலியைக் கூட்டுவது, குறைப்பது, அடக்குவது பற்றி இந்த மாதம் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. கடிதங்களைப் படித்தபோது, பலருடைய சிக்கலுக்குக் காரணம் கருவியின் பழுது இல்லை, எந்தப் பட்டன் எந்த ஒலிக்கு உரியது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தராததுதான் என்று புரிந்தது. ஆகவே இந்த இதழில் வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். இரண்டு மாதம் முன்பு புதிய ஆண்ட்ராய்டு கைப்பேசி வாங்கினேன். பக்கவாட்டுப் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் அழைப்பு மணியின் ஒலி கூடவே இல்லை. ஆனால் பேரன் அனுப்பும் வீடியோவைத் திறந்தால் வீடே அதிர்கிறது. கைப்பேசியில் ஏதும் கோளாறா?
— வாசகர், பெரம்பூர்

பதில்: கோளாறு ஏதும் இல்லை, ஐயா. நாம் ‘வால்யூம்’ என்று ஒரே சொல்லில் சொல்வது கைப்பேசிக்குள் ஐந்து தனித்தனி ஒலிகளாக இருக்கிறது. அழைப்பு மணி ஒன்று, குறுஞ்செய்தியும் வாட்ஸ்அப்பும் வரும்போது எழும் அறிவிப்பு ஒலி ஒன்று, பாட்டு, வீடியோ, விளையாட்டு ஆகியவற்றுக்கான மீடியா ஒலி ஒன்று, அலாரம் ஒன்று, பேசும்போது எதிர்முனையிலிருந்து கேட்கும் குரல் ஒன்று. பொதுவாக இவை ஒவ்வொன்றுக்கும் தனி அளவு உண்டு. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று கூடாது.

பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், பாட்டு எதுவும் ஓடாத நேரத்தில் பட்டனை அழுத்தினால் அழைப்பு மணியின் அளவுதான் மாறும். உங்கள் கை அதற்குத்தான் பழகியிருக்கும். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9-ஆம் பதிப்பில் கூகுள் இதை மாற்றி, பட்டனை மீடியா ஒலிக்கு உரியதாக்கியது. வீடியோவைத் திறப்பதற்கு முன்பே அதன் ஒலியைக் குறைத்துக்கொள்ள இது உதவுகிறது என்பது உண்மைதான். ஆனால் அழைப்பு மணியை மட்டுமே நம்பியிருக்கும் பெரியவர்களுக்கு இந்த மாற்றம் பெரும் குழப்பத்தைத் தந்துவிட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். திரையின் ஓரத்தில் ஒரு பட்டை தோன்றும். அது இரண்டு மூன்று நொடிகளில் மறைந்துவிடும் என்பதால் உடனே கவனியுங்கள். அந்தப் பட்டையின் முனையில் மூன்று புள்ளிகளோ ஒரு சிறிய குறியோ இருக்கும். அதைத் தொட்டால் எல்லாப் பட்டைகளும் வரிசையாக விரியும். மணியின் படம் போட்ட பட்டையை விரலால் இழுத்து முழு அளவுக்குக் கொண்டுபோங்கள். இசைக்குறி போட்டதைப் பாதிக்குக் குறையுங்கள். பேரனின் வீடியோ இனி அதிராது. அதே நேரத்தில் அழைப்பு மணி அடுத்த அறை வரை கேட்கும்.

சாம்சங் கைப்பேசியாக இருந்தால் இன்னும் ஒரு வசதி உண்டு. விரிந்த அந்தப் பலகையிலேயோ, செட்டிங்ஸில் ஒலிக்கான பகுதியிலேயோ, பட்டனை மீடியாவுக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்கும் ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அணைத்துவிட்டால், பாட்டு ஓடாத நேரத்தில் பட்டன் பழையபடி அழைப்பு மணியையே மாற்றும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கும் இதே குழப்பம் வருவதுண்டு. அதில் செட்டிங்ஸில் ‘சவுண்ட்ஸ் அண்ட் ஹேப்டிக்ஸ்’ பகுதிக்குப் போய், ‘சேஞ்ச் வித் பட்டன்ஸ்’ என்பதை இயக்கினால்தான் பக்கவாட்டுப் பட்டன் அழைப்பு மணியின் அளவையும் மாற்றும். அதை அணைத்து வைத்திருந்தால் மணியின் அளவு நீங்கள் வைத்த இடத்திலேயே நிற்கும், சட்டைப் பையில் கைபட்டுக் குறைந்துபோகாது. மணியை எப்போதும் ஒரே அளவில் வைத்திருக்க விரும்புகிறவர்கள் அதை அணைத்தே வைத்திருப்பது நல்லது என்பது என் கருத்து.

பேசும் குரல் மெல்லக் கேட்கிறது என்றால், பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டனை அழுத்துங்கள். அந்த நேரத்தில் அது அந்தக் குரலை மட்டுமே கூட்டும்.

கேள்வி: மார்கழியில் தினமும் கச்சேரிக்குப் போகிறவள் நான். அரங்கத்துக்குள் நுழையும்போது சைலன்ட் போட்டுவிடுவேன். வெளியே வந்ததும் எடுக்க மறந்துவிடுவேன். மறுநாள் காலையில்தான் மகனின் அழைப்புகளைப் பார்க்கிறேன். அவன் கோபிக்கிறான். மறக்காமல் இருக்க ஏதாவது வழி உண்டா?
— வாசகி, மயிலாப்பூர்

பதில்: அம்மா, மறக்காமல் இருப்பதற்கு வழி தேடாதீர்கள். மறந்தாலும் தானாகவே கலைந்துபோகும் மௌனத்தைப் பயன்படுத்துங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாலை, உங்கள் பகுதியில் உள்ள ஒரு சபாவில் மாலைக் கச்சேரிக்குப் போனபோது கைப்பேசியைச் சைலன்டில் போட்டேன். கச்சேரி முடிந்து, கேன்டீனில் அடை சாப்பிட்டு, நண்பர்களோடு பேசிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். விடியற்காலையில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது மேசைமேல் திரை ஒளிர்ந்தது. ஊரில் தனியாக இருந்த என் அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்பது முறை அழைத்திருந்தார். திரையின் மேல் மூலையில், குறுக்கே கோடு போட்ட ஒரு சிறிய மணி அமைதியாக நின்றது. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. நல்லவேளையாக அந்தப் பக்கத்து வீட்டுக்காரரே மருத்துவமனைக்கு அழைத்துப்போய்க் கட்டுப் போட்டுவிட்டார். ஆனால் அந்த ஒன்பது அழைப்புகளின் நேரங்களை வரிசையாகப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு முடிவு நேரம் இல்லாத சைலன்டை நான் போட்டதே இல்லை.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் திரையை மேலிருந்து கீழே இழுத்தால் வரும் கட்டங்களில் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ இருக்கும். தமிழில் அமைத்திருந்தால் அது தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற பொருளில் இருக்கும். அதைத் தட்டிவிடாமல் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அதன் அமைப்புகள் திறக்கும். அதில் கால அளவு என்ற பகுதியில், இயக்கும் ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரத்துக்கு என்று கேட்கும்படி வைத்துவிடுங்கள். பிறகு அரங்கத்தின் வாசலில் நின்று மூன்று மணி நேரம் என்று கொடுத்துவிட்டு உள்ளே போகலாம். துக்கடாக்கள் முடிந்து மங்களம் பாடி நீங்கள் வெளியே வரும்போது உங்கள் கைப்பேசி தானாகவே பேசத் தொடங்கியிருக்கும். சாம்சங்கில், மியூட் முறைக்கே தற்காலிகம் என்று நேரம் குறித்துவிடும் வசதியும் இருக்கிறது.

ஐபோனில் கன்ட்ரோல் சென்டரைத் திறந்து, ‘ஃபோகஸ்’ என்பதை அழுத்தி, டூ நாட் டிஸ்டர்ப் அருகிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால், ஒரு மணி நேரத்துக்கு, இன்று மாலை வரை, இந்த இடத்தை விட்டுக் கிளம்பும் வரை என்று சில தெரிவுகள் வரும். இவற்றில் கடைசியானது கச்சேரி ரசிகர்களுக்காகவே செய்ததுபோல் இருக்கிறது. தனி ஆவர்த்தனம் நீண்டு கச்சேரி எவ்வளவு தாமதமானாலும், நீங்கள் அரங்கத்தை விட்டுக் கிளம்பிய பிறகுதான் மௌனம் கலையும்.

தினமும் ஒரே இடத்துக்குப் போகிறவர்கள் இதையும் கையால் செய்ய வேண்டியதில்லை. சாம்சங்கில் ‘மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸ்’ என்ற பகுதியிலும், கூகுள் பிக்சலில் ‘ரூல்ஸ்’ என்ற பகுதியிலும், இன்ன இடத்துக்குப் போனால் அல்லது இன்ன வைஃபையில் இணைந்தால் சைலன்ட் ஆகிவிடு என்று ஒருமுறை எழுதி வைத்துவிடலாம். அலுவலக வைஃபையில் இணைந்ததும் அதிர்வு முறை, வீட்டு வைஃபையில் இணைந்ததும் முழு மணி என்று என் கைப்பேசியில் வைத்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சைலன்ட் என்பது மணியையும் அறிவிப்பையும்தான் அடக்கும். மீடியா ஒலியை அது தொடுவதில்லை. பாடகர் ராகத்தை மெல்ல விரித்துக்கொண்டிருக்கும்போது யாராவது அனுப்பிய வீடியோவை நீங்கள் தெரியாமல் தொட்டுவிட்டால், சைலன்டில் இருந்தும் அது அரங்கம் முழுவதும் கேட்கும். ஆகவே உள்ளே நுழையும்போது மீடியா பட்டையையும் பூஜ்ஜியத்துக்கு இறக்கிவிடுங்கள். சைலன்ட் போட மறந்து மணி ஒலித்தே விட்டால், பதறிப்போய்ப் பைக்குள் தேட வேண்டாம். எந்த வால்யூம் பட்டன் விரலுக்குத் தட்டுப்படுகிறதோ அதை ஒருமுறை அழுத்தினால் போதும். அந்த அழைப்பின் மணி மட்டும் நின்றுவிடும். அழைத்தவருக்கு நீங்கள் துண்டித்ததாகத் தெரியாது. அவருக்கு மணி போய்க்கொண்டேதான் இருக்கும்.

கேள்வி: நான் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். இரவுப் பணி முடிந்து பகலில் தூங்க வேண்டும். கடன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்று வரும் அழைப்புகளால் தூக்கம் கெடுகிறது. அணைத்து வைக்கலாம் என்றால் விழுப்புரத்தில் இருக்கும் என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய். அவர் அழைத்தால் எடுத்தாக வேண்டும். என்ன செய்வது?
— வாசகி, கீழ்ப்பாக்கம்

பதில்: உங்களுக்குத் தேவை ஆள் பார்த்துத் திறக்கும் மௌனம். கைப்பேசி நிறுவனங்கள் இந்த வசதியை நன்றாகவே செய்திருக்கின்றன, ஆனால் அதை உள்ளே மறைத்து வைத்திருக்கின்றன என்பதுதான் என் வருத்தம்.

ஆண்ட்ராய்டில் முதலில் தொடர்புகள் பட்டியலைத் திறந்து, அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள நட்சத்திரத்தைத் தொடுங்கள். அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர், அவரை அழைத்துப்போகும் ஆட்டோக்காரர், உங்கள் தம்பி என்று நான்கைந்து பேருக்கு மட்டும் நட்சத்திரம் போதும். இருபது பேருக்குப் போட்டால் மௌனத்துக்குப் பொருள் இல்லாமல் போய்விடும். பிறகு டூ நாட் டிஸ்டர்ப் அமைப்பில், அழைப்புகள் என்ற இடத்தில், நட்சத்திரமிட்டவர்களை மட்டும் அனுமதிக்கும்படி வையுங்கள். அதே பக்கத்தில், திரும்பத் திரும்ப அழைப்பவர்களை அனுமதிப்பதற்கான சுவிட்ச் ஒன்றும் இருக்கும். ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைப்பு வந்தால், அந்த எண் பட்டியலில் இல்லாவிட்டாலும் மணி ஒலிக்கும். ஐபோனில் இந்த இடைவெளி 3 நிமிடம்.

இந்தச் சுவிட்சை அணைத்துவிடச் சொல்கிறவர்கள் உண்டு. பொருள் கொண்டுவரும் டெலிவரி ஊழியர்களும் இரண்டு முறை அழைப்பார்கள், தூக்கம் கெடும் என்பது அவர்கள் வாதம். நான் அதை அணைக்கச் சொல்ல மாட்டேன். நெருக்கடியான நேரத்தில் அம்மாவின் செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. மருத்துவமனையின் தரைவழித் தொலைபேசியிலிருந்தோ, வழியில் உதவிய யாரோ ஒருவருடைய கைப்பேசியிலிருந்தோ வரலாம். அந்த எண்ணுக்கு நட்சத்திரம் இருக்காது. இரண்டாம் அழைப்பு என்ற வழி ஒன்றுதான் அதற்கு இருக்கிறது. ஆகவே அதைத் திறந்தே வைத்துவிட்டு, உங்கள் வீட்டாரிடம், “அவசரம் என்றால் ஒரு தடவையோடு விட்டுவிடாதீர்கள், உடனே மறுபடியும் அழையுங்கள், வாட்ஸ்அப்பில் அழைக்காமல் சாதாரணமாக நம்பரை அழுத்தி அழையுங்கள்” என்று சொல்லி வையுங்கள். நட்சத்திரம், இரண்டாம் அழைப்பு ஆகிய ஏற்பாடுகள் சாதாரண அழைப்புகளுக்குத்தான் உறுதியாக வேலை செய்யும்.

ஐபோன் என்றால் அம்மாவின் தொடர்புப் பக்கத்தைத் திருத்தி, ரிங்டோன் என்ற வரிக்குள் போய், ‘எமர்ஜென்சி பைபாஸ்’ என்பதை இயக்கிவிடலாம். ஃபோகஸ் போட்டிருந்தாலும், சைலன்டிலேயே வைத்திருந்தாலும் அவருடைய அழைப்பு மட்டும் ஒலிக்கும். உங்களைப் போன்று முறை மாறிப் பணிபுரிகிறவர்களுக்கு நேர அட்டவணை உதவாது. இந்த வாரம் பகலில் தூக்கம், அடுத்த வாரம் இரவில். எனவே படுக்கும்போது எட்டு மணி நேரம் என்று கையால் கொடுத்துவிடுவதே சரி. எல்லாவற்றையும் அமைத்த பிறகு, விழித்திருக்கும் ஒரு வேளையில் அம்மாவை ஒருமுறை அழைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அதை நம்ப வேண்டும்.

கேள்வி: சைலன்டில் இருந்தால் அலாரம் அடிக்குமா? தேர்வு நாட்களில் பயமாக இருக்கிறது.
— கல்லூரி மாணவர், குரோம்பேட்டை

பதில்: அடிக்கும். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் கடிகாரச் செயலியில் வைத்த அலாரத்தைச் சைலன்ட் தடுப்பதில்லை. ஆண்ட்ராய்டில் டூ நாட் டிஸ்டர்ப் போடும்போது மட்டும், அதன் விதிவிலக்குகளில் அலாரம் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அலாரத்தையும் சேர்த்து அடக்கிவிடும்படி அதை மாற்றிவைக்க முடியும். அலாரத்துக்கு ஆண்ட்ராய்டில் தனிப் பட்டை உண்டு. ஐபோனில் அழைப்பு மணியின் அளவே வழக்கமாக அலாரத்தின் அளவு என்பதால், மணியை மிகவும் குறைத்து வைத்திருந்தால் அலாரமும் முணுமுணுக்கும். தேர்வுக்கு முதல்நாள் இரவு ஒரு நிமிடம் தள்ளி அலாரம் வைத்து ஒருமுறை ஒலிக்கவிட்டுக் கேட்டுவிட்டுப் படுங்கள்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரி, லிஃப்ட், காலை வணக்கம் என்று நாள் முழுவதும் செய்தி வருகிறது. வெளியேறினால் தவறாக நினைப்பார்கள்.
— வாசகர், அண்ணா நகர் மேற்கு

பதில்: வெளியேற வேண்டாம். குழுவின் பெயரைத் தொட்டு அறிவிப்பை மியூட் செய்துவிடுங்கள். 8 மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று தெரிவுகள் வரும். எதைத் தேர்ந்தாலும் மற்ற உறுப்பினர்களுக்கு அது தெரியாது. குடும்பத்தாருடைய செய்திகளுக்கு வேறொரு அறிவிப்பு ஒலியை வைத்துவிட்டால், எதற்கு எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்பதைக் காதே சொல்லிவிடும்.

கேள்வி: என் மகன் தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் கல்லூரிக்குப் போகிறான். போக வர இரண்டு மணி நேரமும் காதில் இயர்போன். பக்கத்தில் நின்றால் எனக்கே பாட்டுக் கேட்கிறது. கைப்பேசியிலேயே ஒலிக்கு ஒரு வரம்பு வைக்க முடியுமா?
— வாசகி, தாம்பரம்

பதில்: முடியும்; வைக்கத்தான் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு இது: பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பாகக் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் அது வாரத்துக்கு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. பத்து டெசிபல் கூடும்போது நேரம் பத்தில் ஒரு பங்காகிவிடுவதைக் கவனியுங்கள். உங்கள் மகனுக்கு வாரத்தில் ஐந்து நாளும் சேர்த்துப் பயணமே 10 மணி நேரம். அவன் 90 டெசிபலில் கேட்கிறான் என்றால் புதன்கிழமைக்குள் அந்த வார அளவு தீர்ந்துவிடும். உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை என்பதால் இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன்.

பிள்ளைகள் வேண்டுமென்றே கூட்டுவதில்லை. ரயில் ஓடும் இரைச்சல், கதவோரக் காற்று, பக்கத்தில் பேசுகிறவர்கள் எல்லாவற்றையும் மீறிக் கேட்க வேண்டும் என்பதற்காகக் கூட்டுகிறார்கள். நிலையத்தில் இறங்கிய பிறகு குறைக்க மறந்துவிடுகிறார்கள். ஆகவே முதலில், காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனை உள்ள இயர்போனோ, வெளி இரைச்சலைக் குறைக்கும் வகையோ வாங்கிக் கொடுங்கள். வெளிச்சத்தம் குறைந்தால் பாட்டின் அளவும் தானாகக் குறையும். அடுத்து, வீட்டில் அமைதியான அறையில் உட்கார்ந்து அவனுக்கு இதமாக இருக்கும் அளவை அவனையே வைக்கச் சொல்லி, அதற்குச் சற்று மேலே வரம்பைக் குறியுங்கள். சாம்சங்கில் ஒலி அமைப்பின் வால்யூம் பக்கத்தில் ‘மீடியா வால்யூம் லிமிட்’ இருக்கிறது. வரம்பை வைத்து அதற்கு ஒரு பின் எண்ணும் போடலாம். ஐபோனில் ‘ஹெட்போன் சேஃப்டி’ என்ற பகுதியில், 75-இலிருந்து 100 டெசிபல் வரை ஒரு வரம்பைத் தேர்ந்துவிட்டால் அதற்கு மேற்பட்ட ஒலியை அதுவே குறைத்துவிடும். 80-இல் வைக்கலாம். பின் எண்ணை அவனுக்குத் தெரியாமல் போடுவதைவிட, இந்தக் கணக்கைக் காட்டி அவனையே போட வைப்பது நல்லது. கல்லூரி மாணவனுக்கு அது புரியும்.

கேள்வி: பைக்குள் இருந்த கைப்பேசி திடீரென்று தானாகவே பேசத் தொடங்கிவிட்டது. எதைத் தொட்டாலும் அதன் பெயரைச் சொல்கிறது, திறக்கமாட்டேன் என்கிறது. வைரஸா?
— வாசகர், வியாசர்பாடி

பதில்: வைரஸ் இல்லை. பார்வையற்றவர்களுக்காகத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ‘டாக்பேக்’ வசதி இயங்கிவிட்டது. பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் வால்யூம் கூட்டும் பட்டனையும் குறைக்கும் பட்டனையும் ஒருசேர மூன்று நொடி அழுத்தினால் அது இயங்கும். பைக்குள் அப்படி அழுந்தியிருக்கும். மறுபடியும் அதேபோல் இரண்டையும் சேர்த்து மூன்று நொடி அழுத்துங்கள், நின்றுவிடும். அது இயங்கும்போது எதையும் திறக்க, ஒருமுறை தொட்டுவிட்டு இரண்டு முறை தட்ட வேண்டும். நின்ற பிறகு, செட்டிங்ஸில் ‘அக்சஸிபிலிட்டி’ பகுதியில் அந்தக் குறுக்குவழியை அணைத்துவிட்டால் இனித் தொல்லை இராது. வீட்டில் பார்வைக் குறைவுள்ளவர்கள் அதே கைப்பேசியைப் பயன்படுத்துவார்கள் என்றால் அணைக்காதீர்கள்.

கேள்வி: வால்யூம் பட்டன் வேலை செய்யவில்லை. மாற்றப் பணம் செலவழிக்கும் அளவுக்குப் பழைய கைப்பேசியும் மதிப்பில்லை.
— வாசகர், ராயபுரம்

பதில்: பட்டன் இல்லாமலே சமாளிக்கலாம். ஆண்ட்ராய்டில் அக்சஸிபிலிட்டி பகுதியில் ‘அக்சஸிபிலிட்டி மெனு’ என்பதை இயக்கினால், திரையின் ஓரத்தில் ஒரு சிறிய பொத்தான் நிற்கும். அதைத் தொட்டால் வால்யூமைக் கூட்டவும் குறைக்கவும் பெரிய கட்டங்கள் வரும். ஐபோனில் ‘அசிஸ்டிவ்டச்’ இதே வேலையைச் செய்யும். ஆனால் செலவைப் பற்றி முடிவெடுக்கும் முன், ரிச்சி தெருவிலோ உங்கள் பகுதியிலோ நம்பிக்கையான ஒரு பழுது பார்ப்பவரிடம் ஒருமுறை காட்டுங்கள். பெரும்பாலும் கெட்டுப்போவது பட்டனுக்குக் கீழே இருக்கும் மெல்லிய நாடாதான். கடைக்காரர்கள் அதை ‘ஸ்ட்ரிப்’ என்பார்கள். சில நேரம் உறைக்கும் பட்டனுக்கும் இடையே சேர்ந்த அழுக்கே காரணமாக இருக்கும். உறையைக் கழற்றிவிட்டு அழுத்திப் பார்த்தீர்களா?

கேள்வி: சைலன்டில் இருந்த கைப்பேசி ஒருநாள் சைரன் போல அலறியது. அரசின் சோதனைச் செய்தி என்று திரையில் வந்தது. இதை எப்படி நிறுத்துவது?
— வாசகர், வேளச்சேரி

பதில்: நிறுத்தும் வழி இருக்கிறது, ஆனால் வேளச்சேரியில் இருக்கும் உங்களுக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது ‘செல் பிராட்காஸ்ட்’ என்னும் முறை. தொலைபேசி எண் எதுவும் இல்லாமல், ஒரு பகுதியின் கோபுரங்களில் இணைந்துள்ள எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் குறுஞ்செய்தியைப் போல நெரிசலில் மாட்டித் தாமதமாகாது. 2023-இல் நாடு முழுவதும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் பகுதியில் தண்ணீர் எவ்வளவு விரைவாக ஏறியது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நள்ளிரவில் ஏரி திறக்கப்படுகிறது என்றால், சைலன்டை மீறி எழுப்பும் ஒரு குரல் வீட்டில் இருந்தாக வேண்டும். செட்டிங்ஸில் அவசர எச்சரிக்கைகளுக்கான பக்கத்தில் சோதனைச் செய்திகளுக்கு மட்டும் தனிச் சுவிட்ச் இருந்தால் அதை அணைத்துக்கொள்ளுங்கள். மற்றவை அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: என் மாமியாருக்கு வயது 78. காது மந்தம். கைப்பேசி மணியை முழு அளவில் வைத்தும் அவருக்குக் கேட்பதில்லை. பக்கத்து வீட்டில் கேட்கிறது, அவருக்குக் கேட்கவில்லை. வேலைக்குப் போனபின் அவரைப் பற்றிய கவலையாகவே இருக்கிறது.
— வாசகி, நங்கநல்லூர்

பதில்: உங்கள் கடிதத்தில் பதிலும் இருக்கிறது. பக்கத்து வீட்டில் கேட்கிறது என்றால் அளவு போதுமானதாகத்தான் இருக்கிறது, சிக்கல் சுருதியில். வயதாகும்போது காது முதலில் இழப்பது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளை. கைப்பேசியோடு வரும் ரிங்டோன்களில் பல, மெல்லிய மணி, சிட்டுக்குருவி, கண்ணாடித் தட்டல் போன்ற உயர்ந்த ஒலிகளாகவே இருக்கின்றன. நம் காதுக்கு அவை இனிமை. மாமியாரின் காதுக்கு அவை போய்ச் சேருவதே இல்லை. பழைய வீட்டுத் தொலைபேசியின் கனமான மணி, தவில், கோயில் மணி போன்று சற்றுத் தாழ்ந்த, விட்டுவிட்டு ஒலிக்கும் ஒன்றை வைத்துப் பாருங்கள். கைப்பேசியின் ஒலிபெருக்கி மிகச் சிறியது, மிகத் தாழ்ந்த ஒலியையும் அதனால் நன்றாக எழுப்ப முடியாது. ஆகவே நடுத்தரமான சுருதியே சரி. நான்கைந்து ரிங்டோன்களை அவரையே கேட்க வைத்து, அவர் எதற்குத் திரும்பிப் பார்க்கிறார் என்று கவனித்துத் தேர்ந்தெடுங்கள்.

அதோடு, அழைப்பு வரும்போது கேமராவின் விளக்கு விட்டுவிட்டு ஒளிரும் வசதியை அக்சஸிபிலிட்டி பகுதியில் இயக்கிவிடுங்கள். ஐபோனிலும் சாம்சங்கிலும் அது உண்டு. ஆண்ட்ராய்டு 14-இலிருந்து மற்றவற்றிலும் வந்திருக்கிறது. விளக்கு கைப்பேசியின் பின்புறம் இருப்பதால் அதைக் கவிழ்த்து வைக்கப் பழக்குங்கள். ஆனால் சில கைப்பேசிகளில் கவிழ்த்தால் சைலன்ட் ஆகும் அமைப்பும் இருக்கும். அதை முதலில் அணைத்துவிட வேண்டும். இயர்போன் போட்டுப் பேசுகிறவர் என்றால், ‘மோனோ ஆடியோ’ என்பதை இயக்குங்கள். இரண்டு பக்க ஒலியும் ஒன்றாகி, நன்றாகக் கேட்கும் காதுக்கு எல்லாமே வந்து சேரும். கைப்பேசியை மெத்தைமேலும் துணிமேலும் வைக்காமல் மரமேசையிலோ எவர்சில்வர் தட்டிலோ வைத்தால், அதிர்வின் சத்தமும் மணியோடு சேர்ந்து கேட்கும். என் அம்மாவுக்கு நாங்கள் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறோம். கூடத்து ஸ்டூலில் ஒரு சிறிய எவர்சில்வர் தட்டு, அதன்மேல் கைப்பேசி.

செவிப்புலன் பரிசோதனைக்கும் ஒருமுறை அழைத்துப் போங்கள். அது வரைக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சோதித்துப் பாருங்கள். அடுப்படியில் மிக்சி ஓட வேண்டும், கூடத்தில் தொலைக்காட்சி ஓட வேண்டும், மாமியார் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்கள் மாடிக்குப் போய், அவரிடம் சொல்லாமல் அவரை அழையுங்கள்.